என் தொண்டையைச் சரிசெய்தால் என் குரல் போய்விடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. வீடு வியாசர்பாடி. அப்பா முப்பது வருஷமாகச் சாவு வீடுகளில் மரண கானா பாடுகிறவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டோலக் தட்டியே வளர்ந்தேன். நாலு வருஷமாக நானும் மேடையில் பாடுகிறேன். மாசத்துக்கு நாலு கச்சேரி வரும், ஏப்ரலில் இன்னும் அதிகம். பகலில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை. ஆறு மாசமாகக் குரல் கரகரவென்று இருக்கிறது, மேலே எடுத்தால் காற்றுதான் வருகிறது. ஈ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் முடிச்சு இருக்கிறது, ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஸ்பீச் தெரபிக்குப் போ என்றார். இதற்கு நடுவில் சினிமாவுக்கு ட்ராக் பாடலாம் என்று ஒரு குரல் பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். அவர், "உன் குரலில் ஏரியா வாடை அடிக்கிறது, முதலில் அதைக் கழுவணும். கானா பாடித்தான் உன் தொண்டையே போச்சு. அம்பேத்கர் பாட்டு வீடியோவை எல்லாம் எடுத்துடு" என்கிறார். எங்கள் தெரு ஜனங்களோ, "இப்பத்தான் உனக்கு உங்கப்பா குரல் வந்துகீது" என்கிறார்கள். சிகிச்சை எடுத்தால் என் குரல் போய்விடுமா? நான் வேறு யாரோ ஆகிவிடுவேனா?

ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் போகாது. கொஞ்சம் மாறும், அதை மறைக்க மாட்டேன். எது மாறும், எதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. குரல் சிகிச்சை தருகிற ஸ்பீச் தெரபிஸ்ட். பிறந்ததும் வேலை பார்ப்பதும் வட சென்னையில்தான். தொண்டை கட்டிப்போன டீச்சர்கள், மீன் விற்கிற அம்மாக்கள், சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவர்கள், உங்களைப் போன்ற பாட்டுக்காரர்கள் என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் உங்கள் குரலைப் பற்றிப் பேசுகிறார்கள். டாக்டர் பேசுவது தொண்டைக்குள் இருக்கிற சதையைப் பற்றி. பயிற்சியாளர் பேசுவது நீங்கள் பிறந்த தெருவைப் பற்றி. அக்கம்பக்கத்தார் பேசுவது உங்கள் அப்பாவைப் பற்றி. மூன்றுக்கும் 'குரல்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டதால் எல்லாம் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

டாக்டர் சொன்னது சரி. குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண் என்று சொன்னாலும் அது கம்பி மாதிரி இருக்காது, ஈரமான இரண்டு உதடுகள் மாதிரி இருக்கும். பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். சாதாரணமாகப் பேசும்போது அந்த இரண்டும் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிப் பிரியும். மேலே எடுத்துப் பாடினால் 400ஐத் தாண்டும். மேல் ஸ்தாயியில் ஒரு நிமிஷம் நின்று பாடினாலே 24,000 மோதல். மெதுவாக மோதினால் ஒன்றும் ஆகாது. ஓங்கி ஓங்கி மோதினால், கடப்பாரை பிடிக்கிற கை காய்த்துப்போவது போல, மோதல் அதிகமாக விழுகிற நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் காய்ப்பு வரும். அதுதான் உங்கள் முடிச்சு. காய்ப்பு இருப்பதால் மடிப்புகள் முழுசாக மூட முடியவில்லை. அந்த இடுக்கு வழியாகக் காற்று கசிகிறது. மேலே போகப் போக மடிப்புகள் இழுபட்டு மெலிவதால் இடுக்கு இன்னும் தெரிகிறது. "காற்றுதான் வருகிறது" என்று நீங்கள் எழுதியதை வைத்தே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தலாம், அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த மாதிரி இரண்டு பக்க முடிச்சுக்கு முதல் மருந்து கத்தி இல்லை, பயிற்சிதான். மோதுகிற விதத்தை மாற்றினால் பெரும்பாலும் காய்ப்பு தானாகவே சுருங்கும். ஒரே பக்கம் நீர் கோத்த கட்டி மாதிரி வந்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். உங்கள் டாக்டர் அவசரப்படாமல் இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது பயிற்சியாளர் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். "கானா பாடித்தான் தொண்டை போச்சு." நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாசம் நாலு கச்சேரி, கச்சேரிக்கு மூன்று மணி நேரம் என்றால் 12 மணி நேரம். அதிலும் மற்றவர்கள் பாடுகிற நேரம் உண்டு. தையல் யூனிட்டில் மாசம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்று வைத்தால் 234 மணி நேரம். வரிசையாக ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே, காலர் பீஸ் எங்கே, பண்டல் எங்கே என்று கத்திக்கொண்டே இருக்கிறீர்கள். பக்கத்தில் இரைச்சல் இருந்தால் நமக்கே தெரியாமல் குரல் உயரும். இதை எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டு சொன்னார், இன்றைக்கும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறோம். மனசால் அடக்கினாலும் அது எளிதில் அடங்காது, காது கேட்பதற்கு ஏற்ப தொண்டை தானே ஏறும். அப்படியிருக்க, 234 மணி நேரத்தை விட்டுவிட்டு 12 மணி நேரத்தின் மேல் பழி போடுவது என்ன நியாயம்? பாட்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், வேலையில் கத்துவதை யாரும் கேட்பதில்லை. அதனால் பழி பாட்டுக்கு வந்துவிடுகிறது.

என் தாத்தா பின்னி மில்லில் நெசவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். தறிகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி இருந்தால் காதும் மந்தமாகும். வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான். பாட்டி அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளும் சத்தமாகப் பேசினாள். அவர்கள் பிள்ளைகள், அப்புறம் நாங்கள். 1996ல் மில்லையே மூடிவிட்டார்கள், சத்தம் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வட சென்னைக்காரர்கள் கத்திப் பேசுவார்கள் என்று ஊரே சொல்கிறது, ஏதோ பிறவிக் குணம் போல. மில், துறைமுகம், ரயில்வே பட்டறை, மீன் ஏலம் என்று இரைச்சலில் நின்று உழைத்தவர்களின் குரல் அது. உங்கள் யூனிட்டில் நீங்கள் கத்துவதும் அதன் தொடர்ச்சிதான். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும், தாத்தா ஞாபகம்.

சரி, யூனிட்டில் என்ன செய்யலாம்? இருந்த இடத்திலிருந்து கூப்பிடாதீர்கள், ஆளிடம் நடந்து போய்ப் பேசுங்கள். கழுத்தில் ஒரு விசில். பண்டல் வந்தது, நூல் மாற்று, நிறுத்து என்பதற்கெல்லாம் கை ஜாடை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வரிசைப் பெண்கள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். டீச்சர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக் கிடைக்கிறது, அதுவும் உதவும். முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும். டாக்டர் சீட்டைக் காட்டுங்கள்.

மேடைக்கு வருவோம். உங்கள் மேடையை நான் பார்க்காமலே சொல்லிவிட முடியும். தெருவை அடைத்துப் பந்தல். இரண்டு பக்கமும் பாக்ஸ் ஸ்பீக்கர், வாய் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்து. நீங்கள் அதற்குப் பின்னால் நிற்கிறீர்கள். பக்கத்தில் டோலக், பின்னால் டேப்பு மேளம், கீபோர்டு. உங்கள் குரல் உங்களுக்குத் திரும்பி வருவதே இல்லை. கேட்காத குரலைத் தேடித் தேடித் தொண்டையை அழுத்துகிறீர்கள். சபாவில் பாடுகிறவர்களின் காலடியில் அவர்களைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒரு பெட்டி இருந்தால் பாடகரின் தொண்டை இறுக்கம் பாதியாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தப் பாட்டுக்கு மானிட்டர் வைக்கிறார்கள், எந்தப் பாட்டுக்கு வைப்பதில்லை என்பதில் பெரிய அரசியல் ஒளிந்திருக்கிறது. கானாக்காரர் எப்படியும் கத்துவார் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்புறம் அவர் கத்தியதும் "பார், கரடுமுரடான குரல்" என்கிறார்கள். அடுத்த கச்சேரி பேசும்போது சம்பளத்தோடு மானிட்டரையும் சேர்த்துப் பேசுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பக்க ஸ்பீக்கரையாவது கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், டேப்பை இரண்டடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இனி அந்த 'வாடை'.

இதைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் ஒரு வாய்மொழித் தேர்வில் "இன்னா சார் கேட்டீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்வி கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நீ அடுத்தவன் பேச்சைத் திருத்தப் போறியா?" என்றார். அன்றைக்கு விட்ட 'இன்னா' திரும்ப வருவதற்குப் பல வருஷம் ஆயிற்று. வீட்டில்கூட 'கீது' சொல்ல மாட்டேன், 'இருக்கிறது' என்பேன். அம்மா ஒருநாள், "யார் வீட்டுக்கோ வந்த மாதிரி பேசுறியே" என்றாள். பேச்சுக்குச் சிகிச்சை தரப் படித்த எனக்கே இது நடந்தது. வேடிக்கை என்னவென்றால், என் தொழிலின் அடிப்படைப் பாடமே இதற்கு நேர் எதிர். வேறுபாடு வேறு, குறைபாடு வேறு. ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் பேச்சுக் குறைபாடு ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு, கேட்டல் வல்லுநர்களின் சங்கம் 1983லேயே எழுதி வைத்துவிட்டது. 'இஸ்கூல்' என்பதும் 'வாயப்பயம்' என்பதும் 'இஸ்துகினு' என்பதும் நோய் இல்லை. துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலை தேடி வந்த தெலுங்கும் உருதுவும் தமிழும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்ததால் உண்டான பேச்சு அது. நாஷ்டாவும் நைனாவும் பேஜாரும் அப்படி வந்தவைதான்.

முடிச்சு தொண்டையில் இருக்கிறது, வழக்கு நாக்கில் இருக்கிறது. நான் தருகிற சிகிச்சை தொண்டையோடு நின்றுவிடும். உங்கள் 'இன்னா'வை அது தொடவே தொடாது.

உங்கள் பயிற்சியாளர் ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'நல்ல குரல்' என்று நாம் நினைப்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. மைக் வருவதற்கு முன்னால் நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாட முடிந்தவர்தான் நல்ல பாடகர். கே.பி. சுந்தராம்பாள் அந்தக் காலத்துக் குரல். சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்த ஏழைப் பெண். அதே குரல் காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டாகி, பின்னால் அவரைச் சட்ட மேலவைக்குக் கொண்டுபோனது. பிறகு மைக் வந்தது. வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெல்லப் பாடினால் போதும் என்றானது. மெல்லிய குரல் குடும்பப் பெண்ணின் குரலானது, ஓங்கிய குரல் ஒதுக்கப்பட்டது. சினிமாவில் கதாநாயகிக்கு பி. சுசீலா, கிளப் நடனத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி என்று ஏறக்குறைய பங்கு போட்டே வைத்திருந்தார்கள். அந்த ஈஸ்வரியம்மா குரல் இல்லாமல் இன்றைக்கு நம் பக்கத்தில் ஆடி மாசம் விடியுமா? கிளப்புக்கு என்று தள்ளிய குரலைத்தான் கூழ் ஊற்றுகிற தெருவெல்லாம் அம்மன் குரலாகக் கேட்கிறது. குரல் மாறவில்லை, கேட்கிற இடம் மாறியது. கேட்கிறவர் மாறினார்.

தமிழிசை இயக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 1943ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்க வேண்டிய தேவை ஏன் வந்தது? தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. பாரிமுனையில், நம் வட சென்னையின் வாசலிலேயே, ராஜா அண்ணாமலை மன்றம் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. அந்தப் போராட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது மேடையில் ஏற்றியது தமிழை. எந்த நாக்கு பேசுகிற தமிழ் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அந்த மன்றத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், சாவு வீட்டு வாசலில், ராத்திரி முழுக்க உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் பாடியதைத் தமிழிசை என்று யாரும் எண்ணவில்லை.

அந்தக் கேள்வியை இந்தப் பதினைந்து வருஷத்தில் கானாக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். 2012ல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலாவின் குரல் வந்தபோது அது யாருக்காகவும் இஸ்திரி போடப்படவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. கானாவும் ராப்பும் பறையும் கலந்து, சாதியைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி உலகின் 100 பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. கானாவில் பெண் குரலா என்று கேட்டவர்களுக்கு நடுவில் வந்த பெண் அவர். இவர்கள் யாரும் குரலைக் கழுவிக்கொண்டு வரவில்லை. ஆனால் சினிமா இன்னொன்றும் செய்கிறது என்பதை நீங்கள் தெரிந்து போக வேண்டும். கானாவின் தாளத்தை எடுத்துக்கொண்டு, குடிகாரப் பாட்டுக்கும் காமெடிக்கும் மட்டும் அந்தக் குரலைக் கூப்பிடும். அழுகைக்கும் காதலுக்கும் வேறு குரலைத் தேடும். அங்கே உங்களுக்கு வேலை கிடைப்பது ஒரு விஷயம், எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது இன்னொரு விஷயம்.

அம்பேத்கர் பாட்டு வீடியோக்களை எடுப்பதா வேண்டாமா என்பதில் நான் முடிவு சொல்ல முடியாது. வாடகை கட்டுவது நீங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். தொண்டைக்கும் அந்த வீடியோக்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைக் குரல் பயிற்சி என்ற பெயரில் சொன்னது தப்பு. நாகூர் ஹனிபா இறைப் பாடலையும் தி.மு.க. பாடலையும் ஒரே குரலில் பாடியவர். அந்தக் குரலை அவருடைய நம்பிக்கையிலிருந்தோ கட்சிக் கொடியிலிருந்தோ பிரித்துக் கேட்க முடியுமா? குரலோடு ஆள் வருவார், ஆளோடு அவர் நம்புவது வரும். அதை அறுத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வாங்க நினைக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பேசுங்கள்.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ட்ராக் பாடுவது ஒரு தொழில். எழுதிய வரியில் 'ழ' இருந்தால் 'ழ' சொல்லத் தெரிய வேண்டும். நாக்கை உள்ளே மடித்து, எங்கும் ஒட்டாமல் நிறுத்தினால் வரும். ஒரு வாரம் பழகுங்கள், வந்துவிடும். நல்ல ஆசிரியர் "நாக்கை இங்கே வை, தாடையை இறக்கு, மூச்சை இங்கே எடு" என்று செய்ய வேண்டியதைச் சொல்வார். "நீ யார், எங்கிருந்து வருகிறாய்" என்று பேச்சு திரும்பினால் அங்கே பாடம் முடிந்துவிட்டது. 'ழ' கற்றுக்கொண்டு தேவையான பாட்டில் போடுங்கள். வாயப்பயம் என்று உங்கள் அப்பா கட்டிய கானாவில் வாழைப்பழத்தைத் திணிக்காதீர்கள், சந்தமே உடைந்துவிடும்.

அந்தப் பயிற்சியாளர் கழுவச் சொன்ன இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. கானாக் குரலில் ஒரு கூர்மை உண்டு, மூக்கோரம் கணீர் என்று அடிக்கும். குரல்நாணுக்கு மேலே தொண்டையின் வாய் கொஞ்சம் குறுகும்போது வருகிற கணீர் அது. மனிதக் காது மிக நன்றாகக் கேட்கிற 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது ஒலியைக் குவித்துத் தருகிறது. அதாவது, அதிகம் அழுத்தாமலே டேப்புச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். திறந்த வெளியில் பாடிப் பாடி உங்கள் முன்னோர்கள் கண்டுபிடித்த வழி. அதை இழந்தால் இன்னும் கத்த வேண்டியிருக்கும், முடிச்சு பெரிதாகும். சிகிச்சையில் நான் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், இன்னும் கூட்டச் சொல்லுவேன்.

இப்போது கஷ்டமான பகுதி. "இப்பத்தான் உங்கப்பா குரல் வந்துகீது."

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் உலுக்கியது இந்த வரிதான். ஜனங்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அப்பா குரல் என்று கேட்பது உங்கள் காய்ப்பை. அது சரியானால் இப்போதைய கரகரப்பில் பெரும்பகுதி போகும். "குரல் பழையபடி மெல்லிசா ஆயிடுச்சே" என்று சிலர் சொல்வார்கள். அன்றைக்கு வலிக்கும். எதிர்பார்த்து இருங்கள். ஆனால் இப்போது இருக்கிற கரகரப்பு நீங்கள் தேர்ந்தெடுத்தது இல்லை. வேண்டும்போது கொடுத்து வேண்டாதபோது எடுக்க உங்களால் முடியவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த ராகம், அவர் ஒரு வரியை இழுத்து நிறுத்துகிற இடம், மூச்சு விடுகிற இடம், ஒப்பாரிக்கும் கிண்டலுக்கும் நடுவில் அவர் நிற்கிற அந்த நிலை எல்லாம் காய்ப்பில் இல்லை. அவையெல்லாம் சிகிச்சைக்கு அப்புறமும் உங்களோடு இருக்கும்.

கரகரப்பே வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. குரல்நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண் என்போம். ரஷ்யாவின் துவா பகுதியிலும் மங்கோலியாவிலும் இருக்கிற தொண்டைப் பாடகர்கள் அதைச் சேர்த்து அதிரவிட்டுத்தான் அந்த ஆழமான உறுமலைக் கொண்டுவருகிறார்கள். கீழே இருக்கிற நிஜமான நாணை இறுக்காமல் மேலே மட்டும் உராயவிடக் கற்றுக்கொண்டால், அழுகிற வரியில் கரகரப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் தெளிவாக வரலாம். காய்ப்பு வற்றிய பிறகு, ஆள் வைத்துக்கொண்டு கற்க வேண்டியது. இப்போது முயற்சி செய்யாதீர்கள்.

இனி சிகிச்சையில் என்ன நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய இரண்டு மாசம். நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு கூல் ட்ரிங்க்ஸ் ஸ்ட்ரா. அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் விட்டு, 'ஊ' என்று குரலோடு குமிழி விட வேண்டும். வாய்ப்பக்கம் தடை இருப்பதால் உள்ளே காற்றழுத்தம் நின்று, மடிப்புகள் ஓங்கி மோதாமல் மெல்ல அதிரும். அப்பாவின் மெட்டையே ஸ்ட்ராவில் பாடலாம். நாளுக்கு ஐந்தாறு தடவை, இரண்டு இரண்டு நிமிஷம். மிஷின் ஓடும்போதும் செய்யலாம், யாருக்கும் கேட்காது.

கனைப்பதை நிறுத்துங்கள். சளி இருப்பது போலத் தோன்றும், இருக்காது. அங்கே தட்டுப்படுவது காய்ப்பு. கனைக்கக் கனைக்க அதுவே அடி. ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். கச்சேரிக்கு முன்னால் தொண்டை வலிக்கிறது என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வலி தெரியாமல் அழுத்துவீர்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை என்றால் குரல்நாணில் ரத்தம் கசியவும் கூடும். கச்சேரி முடிந்து ராத்திரி இரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு உடனே படுப்பதும் தொண்டைக்கு ஆகாது, வயிற்று அமிலம் மேலே ஏறும். கொடுங்கையூர் குப்பை மேட்டில் புகை வருகிற நாளில் வெளியே பாடாதீர்கள் என்று எழுத நினைக்கிறேன், ஆனால் வியாசர்பாடியில் இருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஜன்னலைச் சாத்தி, அன்றைக்கு ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் ஒரு சோதனை. ஒரு தாலாட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை எழுந்துவிடாத அளவு மெல்ல, ஆனால் உங்களுக்கு எட்டுகிற உயரத்தில் பாடுங்கள். சத்தம் தாமதமாக வந்தாலோ, முதலில் காற்று வந்து பிறகு குரல் வந்தாலோ வீக்கம் இருக்கிறது. ஓங்கிப் பாடினால் வீக்கம் ஒளிந்துகொள்ளும், மெல்லப் பாடினால் காட்டிக்கொடுத்துவிடும். வீக்கம் இருக்கிற நாளில் ஒத்திகையைக் குறையுங்கள்.

ஏப்ரலுக்கு மட்டும் தனியாகத் திட்டம் போடுவோம். ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். நம் பக்கத்தில் அதற்கு இரண்டு நாள் முன்னால், 14ஆம் தேதி அம்பேத்கர் பிறந்தநாளில்தான் வருஷத்திலேயே அதிகமாகக் குரல் செலவாகிறது. 15ஆம் தேதி என் வாசலில் சத்தமே வராத பாட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த மேடையில் நீங்கள் பாட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அதற்கு முந்தைய வாரம் யூனிட்டில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறீர்களோ அவ்வளவு குரல் அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும். ஒரு நாளில் நாலு மேடை வேண்டாம், இரண்டு போதும்.

முதல் நாள் சிகிச்சைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கிற இந்தக் குரலில், கரகரப்போடு, காற்றோடு, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை செல்போனில் முழுசாகப் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். எனக்கு அது ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். உங்களுக்கும் பின்னால் தேவைப்படலாம்.

அப்புறம், அப்பாவைப் பற்றி. முப்பது வருஷம் சாவு வீட்டுப் புகையில், மைக் இல்லாமல், விடிய விடியப் பாடியவர். பீடி பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நாலு வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் யாராக இருந்தாலும் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும், புகை பிடிக்கிறவர் என்றால் கட்டாயம். அவர் கரகரப்பை ஊரே கொண்டாடியதால் இத்தனை வருஷத்தில் யாராவது உள்ளே பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை, பெரும்பாலும் அதுவும் காய்ப்பாகவே இருக்கும். உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர மாட்டேன் என்றால், மகளுக்குத் துணையாக வரச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். வருவார்.